ஐஸ் ஹவுஸில் ஒரு பெண்கள் விடுதி இருந்தது... ஆண்டறிக்கையில் எழுத முடியாத சாதனைகள்!

எங்கள் விடுதியில் பிப்ரவரி மாதக் கடைசியில் 'விடுதி நாள்' நடக்கும். பொதுத்தேர்வு தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்று அவசர அவசரமாக நடக்கிற விழா. சாப்பாட்டுக்கூடத்து மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அக்காக்களின் புடவைகளைப் பின்னால் தொங்கவிட்டு மேடை போடுவோம். இரண்டு நடனம், ஒரு நாடகம், நடுவில் கரன்ட் போவது... இதெல்லாம் முடிந்ததும் வார்டன் மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆண்டறிக்கை வாசிக்க எழுந்திருப்பார்.

"எறிபந்துப் போட்டியில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம். கோலப்போட்டியில் முதல் பரிசு. பத்தாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி. விடுதித் தோட்டத்தில் விளைந்த கத்திரிக்காய் நாற்பது கிலோ."

கைதட்டல் அதிகம் கிடைத்தது கத்திரிக்காய்க்குத்தான். அதைத் தின்று தீர்த்தவர்கள் நாங்கள் அல்லவா!

நான் அந்த விடுதியில் ஒன்பதாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை இருந்தேன். நான் ப்ளஸ் ஒன் படித்த வருஷத்தில் அந்த விடுதி செய்த மிகப் பெரிய காரியம் ஒன்று உண்டு. அந்த வருஷ ஆண்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் மெரினா வரை போய் வர வேண்டும்.

ஐஸ், விவேகானந்தர்... நடுவில் என்ன?

போன மாதம் ஒரு வீடியோவுக்காக காமராஜர் சாலையில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே விவேகானந்தர் இல்லம். வட்டமாக, கடலைப் பார்த்து நிற்கிற கட்டடம். சென்னைக்காரர்களுக்கு அது இன்னமும் 'ஐஸ் ஹவுஸ்'தான். அந்தப் பகுதிக்கே அதுதான் பெயர். நடைப்பயிற்சிக்கு வந்தவர்களிடம் இந்தக் கட்டடம் பற்றி என்ன தெரியும் என்று மைக்கை நீட்டினால், எல்லோருமே இரண்டு விஷயங்களைத்தான் சொன்னார்கள்.

முதலாவது ஐஸ். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சேமித்து வைக்க டியூடர் கம்பெனி 1842-ல் கட்டிய கிடங்கு இது. இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. இரண்டாவது விவேகானந்தர். வழக்கறிஞர் பிளிகிரி ஐயங்கார் இந்தக் கட்டடத்தை வாங்கி வீடாக மாற்றிய பிறகு, 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள்கள் இங்கே தங்கினார். 1963-ல் அவருடைய நூற்றாண்டையொட்டிக் கட்டடத்துக்கு அவர் பெயர் வந்தது.

அந்த இரண்டுக்கும் நடுவில் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கும் அன்றுவரை தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பாட்டிதான் நடையை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்: "சுப்புலட்சுமி அம்மாவோட ஹாஸ்டல் இருந்துதும்மா. புருஷன் செத்துப்போன சின்னப் பொண்ணுங்களுக்கு."

பாட்டி சொன்னது சரி. அரசாங்கம் 1917-ல் இந்தக் கட்டடத்தை வாங்கியது. அதற்குப் பிறகு இந்த வட்டச் சுவர்களுக்குள் இருந்தது சகோதரி சுப்புலட்சுமியின் சாரதா இல்லம்.

எழும்பூர் வீட்டில் சில பெண்கள்

ஆர்.எஸ்.சுப்புலட்சுமி 1886 ஆகஸ்ட் 18-ம் தேதி மயிலாப்பூரில் பிறந்தவர். அப்பா சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம் ரிஷியூர். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, செங்கல்பட்டுப் பகுதியிலேயே முதலாவதாக வந்த பெண். அந்தக் கெட்டிக்காரப் பெண்ணுக்கும் வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார்.

அன்றைய பிராமணக் குடும்பங்களில் அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று இன்று நாம் படித்தால் கை நடுங்கும். பருவம் வந்ததும் தலைமுடியை மழித்துவிடுவார்கள். நார்மடிப் புடவை. ஒரு வேளைச் சாப்பாடு. கல்யாணம், சீமந்தம் என்று எந்த மங்கல காரியத்திலும் முகம் காட்டக் கூடாது. வீட்டில் யாராவது வெளியே கிளம்பும்போது எதிரே வந்துவிடக் கூடாது. இத்தனையும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு.

சுப்புலட்சுமியின் அப்பா, அம்மா இருவரும் மகளை அந்தப் பள்ளத்தில் விடவில்லை. படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான். மாநிலக் கல்லூரியும் ஐஸ் ஹவுஸும் ஒரே சாலையில் இருக்கின்றன. நடந்தே போகிற தூரம்தான். ஆனால், அவருக்கு நடுவில் எழும்பூர் ஒன்று இருந்தது.

எழும்பூரில் இருந்த தன் குடும்ப வீட்டில்தான் சுப்புலட்சுமி வேலையைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பெண்கள். எல்லோருமே தன்னைப்போலச் சின்ன வயதில் கணவனை இழந்தவர்கள். 1912-ல் சாரதா மகளிர் சங்கத்தையும் தொடங்கினார். அந்தப் பெண்களைப் படிக்கவைத்து, ஆசிரியைகளாக்குவதுதான் திட்டம்.

ஏன் ஆசிரியை? இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்த அம்மாவின் மூளையை நினைத்து ஆச்சர்யமாக இருந்தது.

அன்றைக்குப் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். கொஞ்சம் வளர்ந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப மாட்டார்கள். மிஷனரிப் பள்ளிகளில் பெண் ஆசிரியைகள் இருந்தாலும், மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம். சரி, உள்ளூர்ப் பெண்களையே ஆசிரியை ஆக்கலாம் என்றால், அவர்களுக்குப் பத்து வயதில் கல்யாணம், பதினைந்து வயதில் கையில் குழந்தை. ஆசிரியைகள் இல்லாததால் பள்ளியில் பெண்கள் இல்லை. பெண்கள் படிக்காததால் ஆசிரியைகள் இல்லை. இந்தச் சக்கரத்தை எங்கே உடைப்பது?

கல்யாணமோ குழந்தையோ குறுக்கே வராத பெண்கள் ஒரே ஒரு கூட்டத்தில்தான் இருந்தார்கள். வீட்டின் பின்கட்டில், யார் கண்ணிலும் படாமல் வைக்கப்பட்டிருந்த இளம் விதவைகள். ஊர் 'எதற்கும் உதவாதவர்கள்' என்று ஒதுக்கியவர்களைத்தான் மாகாணத்தின் பெண்கல்விக்கே அடித்தளமாக்கப் பார்த்தார் சுப்புலட்சுமி. பள்ளிகளின் பெண் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் பெண்மணியும் அதே யோசனையோடு இருந்தார். அரசாங்கத்தின் பக்கம் அவர் பேசினார். குடும்பங்களின் பக்கம் இவர் பேசினார். இரண்டில் எது கஷ்டமான வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சித்தியின் சமையற்கட்டு

விடுதி வரலாறு எழுதுகிறவர்கள் நிறுவியவரைப் பற்றி எழுதுவார்கள். விடுதியில் இருந்தவர்களைக் கேட்டால் சமையற்கட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்கள் விடுதியில் சமையல் அக்கா ஒருவர் இருந்தார். எறிபந்துப் பயிற்சி முடிந்து எட்டு மணிக்குமேல் வருகிற பிள்ளைகளுக்காக, அண்டாவுக்குப் பின்னால் மூடிவைத்த தட்டில் இரண்டு இரண்டு தோசை இருக்கும். கணக்கில் வராத தோசைகள். மாவட்ட இரண்டாம் இடத்தில் பாதி அந்தத் தோசைகளுக்குச் சேர வேண்டும்.

சாரதா இல்லத்தில் அந்த இடத்தில் இருந்தவர் சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அம்மாவின் தங்கை. அவரும் இளம் வயதில் கணவனை இழந்தவர். சுப்புலட்சுமி வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க, வீட்டையும் சமையலையும் பிள்ளைகளையும் சித்தி பார்த்துக்கொண்டார்.

இந்தச் சமையற்கட்டு வெறும் சோறு ஆக்குகிற இடமாக மட்டும் இருக்கவில்லை. ஒரு அப்பா தன் விதவை மகளை இங்கே அனுப்பலாமா என்று யோசிக்கும்போது, முதலில் கேட்கிற கேள்வி 'என்ன படிப்பு' என்பதாக இருக்காது. 'யார் சமைக்கிறார்கள்?' என்பதுதான். அதனால், இல்லத்துக்குள் ஆசாரம் கறாராகப் பின்பற்றப்பட்டது. விரதம், மடி எதுவும் விட்டுப்போகவில்லை. மறுமணம் செய்துவைப்பதையும் சுப்புலட்சுமி இல்லத்தின் நோக்கமாக அறிவிக்கவில்லை. சீர்திருத்தவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. பழைமைவாதிகளுக்கோ விதவைகள் படிப்பதே பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு, நடுவில் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது. மறைக்க வேண்டியதில்லை. அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானது. பிள்ளையின் தலைமுடியை எடுக்கிற ஆசாரத்தையும், யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தீர்மானிக்கிற ஆசாரத்தையும் ஒரே கையால்தான் எழுதியிருக்கிறார்கள். முதலாவதிலிருந்து பெண்களை மீட்க, இரண்டாவதை அப்படியே விட்டுவைத்தார்கள். மற்ற சமூகங்களின் பெண்களும் சேரக்கூடிய பள்ளிகள் அவரால் பிறகு வந்தன என்றாலும், ஐஸ் ஹவுஸ் கதையை வெறும் பூமாலையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே ஊரில், அதே தலைமுறையில் இன்னொருவர் இந்தச் சுவரில் மோதினார். அவரும் 1886-ல் பிறந்தவர்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையிலிருந்து தப்பி அவர் வீட்டுக்கு அடைக்கலம் தேடி வந்த பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஊரில் இருந்த விடுதிகள் தயாராக இல்லை. சாதி பார்த்து நடந்த விடுதிகள் அவை. அவர் அந்தப் பெண்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித்தான் 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் பிறந்தது. ஒவ்வொரு விடுதியும், அதற்கு முந்தைய விடுதியின் கதவு சாத்தப்பட்டதால் பிறந்திருக்கிறது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

அவர்களுடைய ஆண்டறிக்கை

ஐஸ் ஹவுஸில் ஒரு வருஷம் எப்படி ஓடியிருக்கும்? விடுதியில் இருந்தவள் என்ற தைரியத்தில் கற்பனை செய்து பார்க்கிறேன்.

ஜூன் மாதம் புதுப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். கையில் ஒரு துணிமூட்டை. வயது பதினான்கு இருக்கலாம். வீட்டில் மூன்று வருஷமாக யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. விடுதியில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழ வேண்டும், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கூடாது. ஆனால், எனக்கு அம்மா ஞாபகம்தான் அழுகை. அவளுக்கு, தன்னைப்போலவே இருக்கிற இத்தனை பேரை ஒரே இடத்தில் பார்த்த அதிர்ச்சியே அழுகையாக வந்திருக்கும். 'நான் மட்டும் பாவம் செய்தவள் இல்லையா?'

ஜூலையில் அவள் ஸ்லேட்டைப் பிடித்திருப்பாள். ஆகஸ்ட்டில் இங்கிலீஷ் எழுத்துகள். ஒரு சாயங்காலம், வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, மணலில் கால் வைத்திருப்பாள். இந்தக் கடைசி வரியைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு விதவை எதிரே வந்தாலே சகுனத் தடை என்று வீட்டுக்குள் திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புகிற ஊர் இது. அந்த ஊரில், திருவல்லிக்கேணிக்குப் பக்கத்திலேயே, ஒரு கூட்டம் விதவைப் பெண்கள் சேர்ந்து தெருவில் நடந்தால்? கிண்டலும் வசவும் எத்தனை வந்திருக்கும்! அந்தக் கட்டடத்திலிருந்து அலைக்கு இருக்கிற தூரம், நாம் இன்று சுண்டல் வாங்கிக்கொண்டே கடக்கிற தூரம்தான். அவர்களுக்கு அது ஒரு வருஷத்து உழைப்பாக இருந்திருக்கும்.

டிசம்பரில் ஒரு பரீட்சை. மார்ச்சில் இன்னொன்று. யாராவது ஒருத்தி பயிற்சி முடித்து, முதல் வேலைக்கு ரயில் ஏறியிருப்பாள். சொந்தச் சம்பளம். ஐந்து பைசாவுக்கும் அண்ணனிடமோ மாமனாரிடமோ கையேந்த வேண்டியவள், மணியார்டர் அனுப்புகிறவளாக மாறியிருப்பாள். நம் ஊர் மனோபாவம் நமக்குத் தெரியுமே, அந்த முதல் மணியார்டர் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அந்த வீட்டில் 'சகுனத் தடை' என்ற வார்த்தை கொஞ்சம் மெல்லிய குரலில்தான் ஒலித்திருக்கும்.

கற்பனை போதும். பதிவில் இருப்பவற்றைச் சொல்கிறேன். 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. சுப்புலட்சுமிதான் முதல் முதல்வர். அந்த நிறுவனம் இன்றும் அதே கடற்கரைச் சாலையில் இருக்கிறது. 1927-ல் சாரதா வித்யாலயா உண்டுறைப் பள்ளி. பிற்பாடு அது ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1942-ல் மயிலாப்பூரில், படிப்பை விட்ட பெரிய பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம். மயிலாப்பூர் வித்யா மந்திர் பள்ளி 1956-ல் தொடங்கியதற்கும் அவர்தான் காரணம். அப்போது அவருக்கு எழுபது வயது! 1920-ல் கைசர்-ஐ-ஹிந்த் தங்கப் பதக்கம், 1952-லிருந்து 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர், 1958-ல் பத்மஸ்ரீ. விருதுகளை இதோடு நிறுத்திக்கொள்வோம்.

அவருடைய கதை நமக்கு இத்தனை விரிவாகக் கிடைப்பதற்கு மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியும் காரணம். இங்கிலாந்தில் நகரமைப்புத் துறையில் இருந்த அவர், பிற்காலத்தில் மெட்ராஸுக்கு வந்து, முதிய வயதில் இருந்த சுப்புலட்சுமியைச் சந்தித்துப் பேசி 1966-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். நம் பாட்டிகளின் கதையைக் கேட்டு எழுத யாரோ கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது. சரி, எழுதினார்களே!

லீவுதான் பயம்

விடுதிப் பிள்ளைகளுக்கு லீவு என்றால் கொண்டாட்டம் என்று நினைப்பீர்கள். வார்டன்களைக் கேளுங்கள். அவர்களுக்குப் பயமே லீவுதான். போகிற பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வர வேண்டுமே.

இப்போது அந்த ஆண்டறிக்கையில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கத்துக் கட்டிலில் ப்ளஸ் டூ படிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், பேர் எதுவும் வேண்டாம் என்றாள்.) பொங்கல் லீவுக்குப் போனாள். பள்ளி திறந்தது. வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். ஒரு வாரம் ஆனது. அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் பூட்டியபடியே இருந்தது. பிராக்டிகல் பரீட்சைக்குப் பத்துப் பதினைந்து நாள்கள்தான் பாக்கி.

எங்களில் சிலருக்கு விஷயம் தெரியும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்களே, அவளுக்கு அந்த வழியை வீட்டில் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். தாய்மாமன். அவளுக்கு வயது பதினேழு.

ஒரு நாள் காலையில் வார்டன் மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு, சமையல் அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி வரவில்லை. மறுநாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு கேட் திறந்தது. முன்னால் மேடம், பின்னால் சமையல் அக்கா, நடுவில் அவள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பெட்டியைத் திறந்து, பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்காகப் படங்கள் வரைந்துகொடுத்தேன். மோசமாக வரைந்தேன். அதற்குத் திட்டினாள். அந்தத் திட்டைக் கேட்டபோது எங்களுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

தேர்வு எழுதினாள். பாஸ் செய்தாள். நர்சிங் படித்தாள். இன்று ஓர் அரசு மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே எனக்கு வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புகிறாள்.

சட்டம் என்னவோ பழையதுதான். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929-ல் நிறைவேறி, 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு முன்னால் கருத்துக் கேட்ட ஜோஷி கமிட்டி முன்பு போய்ப் பேசியவர்களில் சுப்புலட்சுமியும் ஒருவர். அரசு ஊழியர் என்பதால் பெண்கள் அமைப்புகளில் அவர் உறுப்பினராகக்கூடச் சேர முடியாது. ஆனாலும், பேசினார். பிறகு 1978-ல் பெண்ணின் திருமண வயது 18 ஆனது. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தைத் திருமணம் நடத்திவைப்பவர்களுக்கு இரண்டு வருடம் வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். அழைப்பவரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற பள்ளிப் பிள்ளைகள் இந்த எண்ணை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

சட்டம் ஒரு பக்கம். மகளை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டால் பத்தாவதுக்குமேல் பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை, 'வயசுப் பொண்ணை எப்படித் தனியா அனுப்புறது' என்கிற வீடுகளுக்கு, விடுதி என்ற ஒன்று இருப்பதே ஒரு பதில். 2025 ஜூலையில், தமிழக அரசின் பல்வேறு நலத்துறைகளின் கீழ் இயங்கும் 2,739 விடுதிகளும் இனி 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என்று அறிவித்தார்கள். சாதிப் பெயரைத் தாங்கிய பலகைகளைப் பார்த்தபடி உள்ளே நுழைந்த பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2022-லிருந்து, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போடக் குப்பைத்தொட்டி இருக்கிறதா, ராத்திரி வயிற்றுவலி வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறாரா என்பதையும் விடுதிப் பிள்ளைகள் கேட்பார்கள். நாங்கள் கேட்டோம். எங்கள் விடுதியில் தாழ்ப்பாள் வந்தது நான் ப்ளஸ் டூ போன பிறகுதான். அதையும் ஆண்டறிக்கையில் சேர்த்திருக்கலாம்.

"எழுதியிருந்தா?"

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் வார்டன் மேடத்துக்குப் போன் போட்டேன். ஓய்வுபெற்றுவிட்டார். பேரனுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டே பேசினார். அந்த ஊருக்குப் போய் என்னதான் பேசினீர்கள் என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

"பெருசா ஒண்ணும் பேசலைடி. 'இன்னும் ரெண்டு மாசத்துல பரீட்சை. அதுவரைக்கும் பிள்ளையைக் குடுங்க, அப்புறம் பதினெட்டு முடிஞ்சு அவளே சொல்லட்டும்'னேன். சட்டத்தையும் ஓரமா சொல்லி வெச்சேன். அவ அப்பா பேசவே இல்லை. ராத்திரி அவங்க வீட்டுத் திண்ணையிலதான் படுத்தோம். காலைல அவ அம்மாதான் பையைத் தூக்கிட்டு வந்து பஸ் ஸ்டாப்புல நின்னாங்க."

"அதை ஏன் மேடம் ஆண்டறிக்கையில எழுதலை? கத்திரிக்காயெல்லாம் எழுதினீங்களே?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேரனின் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதியிருந்தா, அவ அப்பா அடுத்த வருஷம் தங்கச்சியை அனுப்பியிருப்பாராடி?"

தங்கச்சி அடுத்த ஜூனில் வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அக்கா படுத்திருந்த அதே கட்டில், அதே டிரங்குப் பெட்டி. கொண்டுவந்து விட்டது அப்பாதான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, மேடத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவள் முதல் ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாள் காலை தோசைக்கு நான் வரிசைக்குப் போனபோது, தட்டோடு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.